கிணற்றில் விழுந்த பாதி வாக்கியம்

அத்தியாயம் ஒன்பது

"கோபம் என்கிற குதிரையின் கடிவாளத்தை ஒருபோதும் கைவிடாதீர்கள்!" என்று முழங்கியபடியே சைக்கிள் ஹேண்டிலிலிருந்து என் இரண்டு கைகளையும் எடுத்தேன்.

எடுத்திருக்கக் கூடாது.

எங்கள் பள்ளிக்கூட மாணவர் மன்றத்தில் 'சினம் காத்தல்' என்ற தலைப்பில் நான் பேசுவதாக ஏற்பாடாகியிருந்தது. அந்த இடத்தில் கைகளை அகல விரித்தால் சபை அசந்துபோகும் என்று எனக்கு நானே முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதமுனையில் எங்கள் வீட்டுச் சந்தான மணல் ஒழுங்கையில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சபை அசந்துதான் போனது. அன்றைய சபை ஒரு நெசவாளி, சில ஆடுகள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த என் மாமி ஆயிஷா உம்மா.

எங்கள் ஊர் ஆடுகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வெயில் ஏறுமுன் ஒழுங்கையில் பாவு கிடக்கும். தறியில் ஏற்றப் போகிற நீள நூல்களை இரு முனையிலும் முளை அடித்து இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் வாரி விடுவார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஆடுகள் ஒதுங்கித்தான் போகின்றன. பயிற்றப்பட்ட ஆசிரியர் நூஹு, அதாவது நான், ஒதுங்கவில்லை.

முன்சில்லு பாவுக்குள் நேராகப் புகுந்தது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம், சின்ன மழை ஓலையில் விழுகிற மாதிரிக் கேட்டது. பிறகு நான் விழுந்த சத்தம் கேட்டது. அது மழை மாதிரி இல்லை.

எழுந்து பார்த்தேன். மேலெல்லாம் கஞ்சி. கழுத்தில் பச்சை நூல், காலில் சிவப்பு நூல். அந்தப் பக்கத்தில் பிரஷ்ஷும் கையுமாய் மசூர் காக்கா.

மசூர் காக்கா என் மனைவி நதீராவின் ராத்தா, அதாவது அக்கா, சபூறாவுடைய புருஷன். இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் இப்போது பத்திரிகையைக் கொஞ்சம் தூரப் பிடித்திருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

மசூர் காக்காவின் கோபம் கல்முனை பஸ் நிலையம் வரை பிரசித்தம். நல்ல மனிதர். அவர் நெய்த சாரனை உடுத்தியவன் வேறு சாரன் தேட மாட்டான். ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். போன மாதம் பறந்தது, சபூறா மதினியின் ரேடியோ. மாமி அவரை ஒரு தேங்காய் பறித்துத் தரச் சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னார். காக்கா எழுந்தார், ரேடியோவைத் தூக்கினார், வளவுக் கிணற்றில் போட்டார். அப்போது மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. அதை வாசித்த பெண்மணி பாதி வாக்கியத்தோடு தண்ணீருக்குள் போனார்.

அதோடு விட்டாரா? ஒழுங்கையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதவர் மாதிரிப் பாயில் குந்தி, "சோறாகிட்டா?" என்று கேட்டார்.

சபூறா மதினி சோறு போட்டார். அவர் தின்று முடித்துக் கை கழுவ வெளியே போனதும் கதவைச் சாத்தினார். அன்று சாத்திய கதவு இன்னும் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தோடு மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்கிறார். கதவு சாத்தப்பட்டால் உம்மா வீட்டுக்குப் போகலாமே என்றால், அந்த வீடு அதற்கு முன்னமே சகோதரிக்குப் போயிருக்கும். காக்காவின் தங்கச்சி சுபைறா அவருக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுத்தாள். படுக்கை, வேலிக்கு வெளியே நிற்கிற தறிக் கொட்டிலில். எங்கள் ஊர் ஆண்பிள்ளை கோபிக்கலாம், தாராளமாகக் கோபிக்கலாம். கோபித்துக்கொண்டு போய் நிற்கத்தான் இடம் கிடையாது.

அவரைத் திருத்தும் பொறுப்பை நான் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. நானே எடுத்தேன்.

ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தவன் நான். பழைய ஞானிகளையும் கொஞ்சம் புரட்டியிருக்கிறேன். பின்னேரங்களில் கொட்டிலில் போய்க் குந்திப் பாடம் நடத்தினேன்.

"காக்கா, பழைய கிரேக்க ஞானிகள் என்ன சொல்றாங்க தெரியுமா? நம்மளக் கோவப்படுத்திறது நடந்த காரியம் இல்ல. அந்தக் காரியத்தப் பத்தி நாம நினைக்கிறதுதான் கோவப்படுத்துது."

காக்கா தறியை நிறுத்தினார். "அப்ப நூல் அறுந்தா?"

"அறுந்தது நூல்தான். 'எனக்கெண்டு பாத்து அறுந்திட்டு' எண்டு நினைக்கிறது நீங்க."

"அது சரிதான். அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றார். இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. நான் பாடம் எடுத்த எத்தனையோ பேரில், தன்னைப் பற்றிச் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான்.

ரோமாபுரி ஞானிகள் கோபம் வந்தால் கண்ணாடி பார்க்கச் சொன்னார்களாம். கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். காக்கா பார்த்தார், தாடியில் நரை கண்டார், இன்னும் கோபமானார். புதிய உளவியலில் ஒரு கட்சி தலையணையைக் குத்தச் சொல்கிறது. குத்தினார். பஞ்சு கொட்டில் முழுக்கப் பறந்து, நெய்துகொண்டிருந்த சாரனில் எல்லாம் ஒட்டியது. தலையணை சுபைறாவுடையது என்பதால் அவளுக்கு வந்த கோபத்துக்கு வைத்தியம் தேட வேண்டியதாயிற்று. குத்தக் குத்தக் கோபம் பழகுமே தவிரக் குறையாது என்கிற மறுகட்சியின் கருத்தை நான் அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.

கோபம் மனதுக்குத் தெரியுமுன் உடம்புக்குத் தெரியும், எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார்: "எனக்குக் காது சுடுது மாஸ்டர். மொதல்ல இடது காது."

கோபத்துக்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்கலாம், பயமோ துக்கமோ இருக்கலாம் என்றும் பாடத்தில் ஒரு பகுதி இருந்தது. அதை நான் நடத்தவில்லை. மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

இதையெல்லாம் போன கிழமைகளில் எழுதியதற்கு இறக்காமத்து வாசகர் ஒருவர், யானை வந்து வேளாண்மையை மிதித்தபோதுகூடத் தனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் மசூர் காக்கா மேல் அல்ல, என்மேல்.

சரி. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விசேஷம் என்றால், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கச்சிமுகம்மது மரைக்கார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சபூறா மதினியின் தாய்வழிக் குடிக்குப் பள்ளிவாசலில் பொறுப்பான மரைக்கார் அவர். கதவைத் திறப்பதா இல்லையா என்று மதினி அவரிடம் சொல்ல வேண்டும். இல்லை என்றால் காரியம் விவாகரத்துத் தீர்க்கிற காதியாரிடம் போய்விடும். கதவுக்குள் மதினி என்ன நினைக்கிறார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வேலிக்கு வெளியே காக்கா என்ன செய்கிறார் என்று அவர் கவனிப்பார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட நாளில்தான் நான் கைகளை விரித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் மதினி மா இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் விழுந்ததும் அது நின்றது.

காக்கா பிரஷ்ஷை மணலில் வைத்தார். கையைக் காலியாக்குகிறார் என்றால் வேறு எதையோ தூக்கப் போகிறார் என்று அர்த்தம். பக்கத்தில் தூக்கக்கூடியதாக இருந்தது நான்தான். இடது காதைத் தொட்டுப் பார்த்தார். காது செம்பரத்தம் பூ மாதிரிச் சிவந்திருந்தது.

பிறகு, நின்ற இடத்திலேயே குந்தினார். அதுவும் போதவில்லை போல. மெதுவாகச் சாய்ந்து, ஒழுங்கை நடுவில், அறுந்த பாவுக்குப் பக்கத்தில், இடது காது மணலில் படும்படி படுத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! மனிசன் மௌத்தாகிட்டார்!" என்று வேலிக்கு மேலிருந்து மாமி கத்தினார்.

"இல்ல மாமி, உசிரோடதான் இரிக்கன்" என்றார் காக்கா, கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரம் என்னோட ஒருத்தரும் கதைக்க வாணாம்."

ஓதப்பள்ளியில் எல்லாரும் படித்த நபிமொழிதான். கோபம் வந்தால் நிற்கிறவன் குந்த வேண்டும், குந்தியும் போகாவிட்டால் படுக்க வேண்டும். நானும் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். கஞ்சியும் மணலுமாய் நடு ஒழுங்கையில், ஊரே பார்க்க, அதைச் செய்த ஒரு மனிதரை அன்றுதான் கண்டேன். இப்படி மனது இளகினால் எனக்கு உடனே ஒரு வேடிக்கைப் பகிடி விட வேண்டும்.

"காக்கா, தலகணி கொண்டு வரட்டா?"

காக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் உலக்கை மறுபடி இடிக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் எழுந்து, கிணற்றடிக்குப் போகாமல் கொட்டிலில் இருந்த குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, அறுந்த நூல்களைத் தேடி முடியத் தொடங்கினார். நானும் குந்தினேன். அவர் விரல் தொட்டால் முடிச்சு இருக்கிற இடம் தெரியவில்லை. நான் போட்ட முடிச்சுகள் பாவில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தன. அவர் என் முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி போட்டார்.

நதீரா தேத்தண்ணி கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். பாவைப் பார்த்தாள்.

"அவருக்குச் சோதின வச்சீங்களா, இல்ல உண்மையாத்தான் விழுந்தீங்களா?"

"புள்ள, அத விடு. ராத்தா என்ன சொல்றா? கதவத் திறப்பாவா, மாட்டாவா?"

"நீங்க மொதல்ல ஹேண்டிலப் புடிக்கப் பழகுங்க."

மாமியிடம் கேட்டேன். "அல்லாஹ்தான் அறிவான் மருமகன்" என்றார். மாமிக்குத் தெரியாதபோதும் அதைத்தான் சொல்வார், தெரிந்தபோதும் அதைத்தான் சொல்வார்.

காக்காவின் அமைதி எனக்குத் தாங்கவில்லை. பாவை நாசமாக்கினவன் பக்கத்தில் குந்தியிருக்கிறேன், ஒரு வார்த்தை ஏசவில்லை. தேத்தண்ணியை முதலில் எனக்கு நீட்டுகிறார். கடைசியில் நான் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"ஏன் காக்கா ஏசாம இரிக்கீங்க? ஏசித் துலைங்களேன்! ரெண்டு ஏச்சு ஏசினா நான் நிம்மதியா வீட்ட போவன்தானே!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஆடுகள் திரும்பிப் பார்த்தன. காக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், ஒங்கட காது சிவந்திரிக்கி" என்றார். "ரெண்டும்."

குந்தினேன்.

பகல் சாய்கிற நேரம் பாவு ஒருவாறு சேர்ந்துவிட்டது. அறுந்த இடத்துக்கு மறுபடி கஞ்சி தடவ வேண்டியதுதான் பாக்கி. சேதி பரவி, பக்கத்து ஒழுங்கை நெசவாளிகள் இரண்டு மூன்று பேர் பார்க்க வந்தார்கள். மசூர் கோபிக்கவில்லையாம் என்பது எங்கள் ஊரில் சந்திரனில் மனிதன் இறங்கியதைப் போன்ற செய்தி.

"அல்ஹம்துலில்லாஹ், மசூரா இது?" என்றார் ஒருவர்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும்.

"எல்லாம் நாம குடுத்த பயிற்சிதான்" என்றேன், சட்டையைச் சரிசெய்துகொண்டு. "இவர் முந்தி எப்பிடி இருந்தவர்! ரேடியோவெல்லாம் கிணத்துக்குள்ள... தேங்காய் ஒண்டு கேட்டதுக்கு! இப்ப பாருங்க, ஆட்டுக்குட்டி மாதிரி. மனச எப்பிடி வசக்கிறது எண்டு படிச்சவன் சொல்லிக் குடுத்தா..."

"வாய மூடு மாஸ்டர்!"

கஞ்சிச் சட்டி என் தலைக்கு மேலால் பறந்தது. இந்தத் தரம் காது சுடவும் நேரம் இருக்கவில்லை, குந்தவும் நேரம் இருக்கவில்லை. சட்டி கிடுகு வேலியைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் உடைந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த மதினியின் வெள்ளைத் தொழுகைப் புடவையில், தோளிலிருந்து கரை வரை, சாயம் கலந்த கஞ்சி வழிந்தது.

உலக்கை நின்றது.

பார்க்க வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். காக்கா இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மரைக்கார் வருவார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் புண்ணியத்தில் ஒரே நாளில் இரண்டு தரம் முடிந்தது.

வழமையாக இந்த இடத்தில் அவர் ஒழுங்கையில் ஒரு சுற்று நடப்பார். நடந்துவிட்டு வந்து வேறெதையாவது பற்றிக் கதைப்பார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. ஓரடி வைத்தது. நின்றது. பிறகு வளவுப் பக்கம் திரும்பியது.

வேலி வாசலான கடப்படிக்கு வந்து, உள்ளே வராமல் நின்றார்.

"சபூறா."

மதினி உரலடியில் நின்றபடியே பார்த்தார்.

"சட்டிய எறிஞ்சது நான். மாஸ்டருக்கு எறிஞ்சன், ஒன்ட புடவையில விழுந்திட்டு. ஆருல விழுந்தாலும் எறிஞ்சது எறிஞ்சதுதான். பிழை என்ட." ஒரு மூச்சு விட்டார். "புடவையத் தா, கழுவித் தாறன்."

மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டியின் புடவையைப் பட்டப்பகலில் கழுவுவது ஒழுங்கைக்குப் புதிது.

"கஞ்சி போட்டா மொறமொறப்பா நல்லாத்தானே இரிக்கும்" என்றேன் நான், நிலைமையை இளக்குவதற்காக.

நதீரா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அடையாளம் இன்னும் இருக்கிறது.

மதினி கொடியிலிருந்து புடவையை எடுத்துக் கடப்படி வரை வந்து நீட்டினார். காக்கா அதை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அந்தக் கிணறுதான். அள்ளி அள்ளி ஊற்றிக் கசக்கினார். மனிதருக்கு நூல் தெரியும். சாயம் ஏறாமல் எப்படிப் பிழிய வேண்டும் என்று தெரியும். கழுவி முடித்து வாளியைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ரேடியோவைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

புடவையைக் கொண்டுவந்து மதினியின் கையில் கொடுத்தார். அப்போது அவர் என்னவோ சொன்னார். தணிந்த குரலில், தலையைக் குனிந்துகொண்டு. மதினியும் ஒரு வார்த்தை சொன்னார். நான் வேலியோடு ஒட்டிக்கொண்டு கேட்க முயன்றேன். காது இரண்டும் சிவந்ததுதான் மிச்சம், ஒன்றும் கேட்கவில்லை.

காக்கா கொட்டிலுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மணலில் கிடந்த என் சைக்கிளை நிமிர்த்தினார். முன்சில்லில் சிக்கியிருந்த நூலைப் பிடுங்கி எறிந்தார்.

"சைக்கிள எடுக்கிறன் மாஸ்டர்."

"எங்க காக்கா? மரைக்கார் வரப்போறாரே!"

காக்கா ஏறி மிதித்தார். கோணல் சில்லு ஆடி ஆடி, கல்முனைப் பக்கம் போய் மறைந்தார்.

அசர் தொழுகை முடிந்து கச்சிமுகம்மது மரைக்கார் குடையும் தொப்பியுமாய் வந்தார். கதிரையில் அமர்ந்தார், பால் தேத்தண்ணி குடித்தார், இறக்காமத்துக் குளத்தில் தண்ணி வற்றியதைப் பற்றியும் கல்முனையில் இரண்டு வீட்டுக்கு டெலிவிஷன் வந்ததைப் பற்றியும் கதைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்க மசூர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சைக்கிள்ல போயிட்டார்" என்றேன்.

"நான் வாற நேரம் பாத்தா?" மரைக்காரின் மீசை துடித்தது. காது எப்படி இருக்கிறது என்று பார்த்தேன், தொப்பி மறைத்தது. "ஆளில்லாம என்ன பேச்சு? சபூறா, நீயாவது சொல்லு மகள். திறக்கியா, இல்லையா?"

கதவுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. "அவர் வந்த பொறகு, அவருக்கு முன்னுக்குச் சொல்றன் மாமா."

"நாளைக்கு விடியச் சுபஹுத் தொழுதுட்டு வாறன். அப்ப ஆளும் இரிக்கணும், பதிலும் இரிக்கணும். இல்லாட்டிக் காதியாரோட கதைக்கிறத விட எனக்கு வேற வழி இல்ல." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

மாமி என்னைப் பார்த்த பார்வையில் ரேடியோவுக்குப் பதிலாக என்னைக் கிணற்றில் போட்டிருக்கலாம் என்பது எழுதியிருந்தது.

வெயில் மஞ்சளானது. காக்கா வரவில்லை. நான் ஒழுங்கைக்கும் வளவுக்குமாக நடந்தேன். நதீராவிடம் கேட்டேன். "நான் கேக்கல்ல, ராத்தா சொல்லல்ல" என்றாள். கடைசியில் மதினியின் கதவடிக்கே போனேன். மதினி வாசல்படியில் குந்தியிருந்தார். மடியில் அந்த வெள்ளைப் புடவை, ஈரம் காய்ந்து மடித்து வைத்திருந்தது. ஒரு பொட்டுச் சாயம் இல்லை.

பகிடி ஒன்று வாய் வரை வந்தது. அதிசயமாக, விழுங்கிக்கொண்டேன்.

"மதினி, ஒண்டு கேக்கன். மழுப்பாமச் சொல்லுங்க. காக்கா கடப்படியில என்ன சொன்னார்?"

மதினி என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கப் போகிறேனா என்று பார்த்திருப்பார்.

"தம்பிலுவில் சாமித்தம்பி மோசம் போயிட்டான் எண்டார்."

"ஆரு சாமித்தம்பி?"

"கலியாணத்துக்கு முன்னுக்கு அவரும் அவனும் ஒரு கொட்டில்ல, பக்கத்துப் பக்கத்துத் தறியில நெய்தவங்க. ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிச்சவங்க. ஒருநாள் கோவத்துல, பாவுக்குள்ள நூல் ஓட்டுற மர நாடாவத் தூக்கி எறிஞ்சிட்டார். அவன்ட நெத்தி உடைஞ்சு போச்சு. இவர் ஒழுங்கையில ஒரு சுத்து நடந்துட்டு வந்து, ஒண்டும் நடக்காத மாதிரித் தறியில குந்தினாராம். அவன் ரெத்தத்தத் துடைச்சுக்கிட்டு எழும்பிப் போனவன், பொறகு வரல்ல. இவரும் போகல்ல."

"எப்ப செத்தவன்?"

"ரேடியோவ எறிஞ்ச அண்டைக்குத்தான் அறிவிச்சாங்க. 'தம்பிலுவிலைச் சேர்ந்த சாமித்தம்பி, அன்னப்பிள்ளையின் அன்புக் கணவர்' எண்டு வாசிச்சாங்க. அதுக்கு மேல கேக்க அவரால ஏலல்ல."

கிணற்றில் விழுந்த பாதி வாக்கியம். நான் அதை எழுதி உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். இரண்டு கிழமைக்கு முன்பு, இந்தப் பத்திரிகையில்தான்.

"அப்ப ஒங்களுக்கு அண்டைக்கே தெரியுமா?"

"நானும் ரேடியோவுக்குப் பக்கத்துலதானே இருந்தன்."

"தெரிஞ்சுதான் கதவச் சாத்தினீங்களா மதினி?"

"ஓம்." மதினி புடவையின் மடிப்பை ஒருமுறை நீவினார். "ரேடியோவுக்காகச் சாத்தல்ல மாஸ்டர். ரேடியோ போனாப் போகட்டும். கூட்டாளி செத்த சேதியக் கேட்டுட்டு, எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்து குந்தி, சோறாகிட்டா எண்டு கேட்டாரே, அதுக்குத்தான் சாத்தினன். எத்தினையோ தரம் கோவிச்சிரிக்கார், எத்தினையோ தரம் எறிஞ்சிரிக்கார். ஒவ்வொரு தரமும் அதுக்குப் பொறகு சோறுதான். அவருக்கு நான் ஆரு? சோறு போடுற ஆளா?"

என்னிடம் கிரேக்கரும் இருந்தார்கள், ரோமரும் இருந்தார்கள், கலாசாலைப் பாடமும் இருந்தது. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

"இண்டைக்குச் சொன்னாராக்கும்" என்றேன்.

"சொன்னார். 'பிழை என்ட எண்டு சாமித்தம்பிக்கிட்டச் சொல்றதுக்குக் கிடைக்கல்ல சபூறா, ஒனக்கிட்டயாவது சொல்லிப்போட்டன்' எண்டார். பொறகு, 'தம்பிலுவிலுக்குப் போய் அன்னப்பிள்ளைக்கிட்டயும் சொல்லிட்டு வரட்டா' எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மதினி ஒழுங்கையைப் பார்த்தார். பாவு கட்டியிருந்த முளை மட்டும் மணலில் நின்றது.

"போய்ட்டு வாங்க, கதவு சாத்தியிரிக்காது எண்டு சொன்னன்."